பச்சை விளக்கு எரியுது... புகை வந்தா ஏசி நிற்குமா? ‘டக்ட் ஸ்மோக் டிடெக்டர்’ சோதனை ஏன் முக்கியம்?

ஐடி அலுவலகம், மால், மருத்துவமனை என எங்கு போனாலும் சீலிங்கில் வட்டமாக ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கருவியும் உண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ, ஏசி இயந்திரம் இருக்கும் அறையிலோ, காற்று போகும் தகரக் குழாயின் பக்கவாட்டில் ஒரு பெட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டக்ட் ஸ்மோக் டிடெக்டர்.

கண்ணில் படாத கருவி என்பதால் பராமரிப்பிலும் இதுதான் அதிகம் மறக்கப்படுகிறது. ஆனால் தீ விபத்தில் ஒரு தளத்துப் புகை பத்து தளங்களுக்குப் போவதா, வேண்டாமா என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இது என்ன செய்யும்?

சென்ட்ரல் ஏசியில் ஒரு பெரிய ஃபேன் காற்றை இழுத்து, குளிர வைத்து, டக்ட் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. எங்கோ ஒரு மூலையில் தீப்பிடித்தால் அந்தப் புகையையும் இதே ஃபேன் இழுத்து எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடும்.

அதைத் தடுப்பதுதான் டக்ட் டிடெக்டரின் வேலை. காற்றில் புகை கலந்திருப்பது தெரிந்தவுடன் ஃபேனை நிறுத்தச் சொல்லும். டக்டுக்குள் இருக்கும் ‘டேம்பர்’ எனும் தடுப்புக் கதவுகளை மூட வைக்கும். ஃபயர் பேனலுக்கும் தகவல் போகும். புகையை வெளியேற்றத் தனி ஏற்பாடு உள்ள கட்டடங்களில் மட்டும், எந்த ஃபேன் நிற்க வேண்டும், எது ஓட வேண்டும் என்பது வடிவமைப்பைப் பொறுத்து மாறும்.

வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்?

2011 டிசம்பர் 9 அதிகாலை. கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில், எரியும் பொருட்கள் வைக்கப்பட்டிருந்த அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை ஏசி டக்ட் வழியாகவும் மேல் தளங்களுக்குப் பரவியது. இறந்தவர்கள் சுமார் 90 பேர். பெரும்பாலானோர் படுக்கையில் இருந்த நோயாளிகள். தீ அவர்களைத் தொடவில்லை. உயிரைப் பறித்தது மூச்சுத்திணறல்.

1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் நடந்த விபத்தில் 85 பேர் இறந்தனர். தீப்பிடித்தது தரைத்தளத்து உணவகத்தில். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே இருந்தவர்கள். லிஃப்ட் குழிகள், படிக்கட்டுகளோடு ஏசி அமைப்பும் புகைக்கு வழியானது. சில டேம்பர்கள் மூட முடியாதபடி போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. கருவி இருந்தது, ஆனால் வேலை செய்யும் நிலையில் இல்லை.

பச்சை விளக்கு எரிந்தால் போதாதா?

போதாது. காரணம் இந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது.

டிடெக்டர் பெட்டி டக்டுக்கு வெளியே இருக்கும். உள்ளே நீளும் துளைகள் போட்ட ஒரு குழாய், ஓடும் காற்றில் கொஞ்சத்தைப் பிடித்து சென்சாருக்குக் கொண்டு வரும். இன்னொரு குழாய் அதைத் திரும்ப டக்டுக்குள் விடும். இதற்கென்று தனி மோட்டார் கிடையாது. இரண்டு குழாய்களுக்கும் இடையே உள்ள காற்றழுத்த வித்தியாசம்தான் காற்றை இழுக்கிறது.

துளைகள் காற்று வரும் திசையைப் பார்த்து இல்லாவிட்டாலோ, குழாயின் முனை மூடி கழன்று விழுந்தாலோ, துளைகளைத் தூசி அடைத்தாலோ, பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் காற்று கசிந்தாலோ புகை சென்சாருக்குப் போய்ச் சேராது. ஆனால் மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் பச்சை விளக்கு ஜம்முன்னு எரியும்.

சரியான சோதனை எப்படி இருக்கும்?

* முதலில் கட்டடக் கட்டுப்பாட்டு அறைக்கும், தேவைப்பட்டால் தீயணைப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும்.
* பெட்டியைத் திறந்து, தூசியை வேக்குவம் மூலம் எடுத்து, குழாயின் துளைகள், முனை மூடி, கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* ஃபேன் ஓடும்போது மானோமீட்டர் வைத்து இரண்டு குழாய்களுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தை அளக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் சொன்ன வரம்புக்குள் அது இருக்க வேண்டும்.
* சோதனைக்கென்றே விற்கும் ஏரோசல் புகையைச் செலுத்திப் பார்க்க வேண்டும். ஊதுபத்தி, சிகரெட் எல்லாம் வேண்டாம். அதன் பிசுக்கு சென்சாரில் படியும்.
* அலாரம் அடித்தால் மட்டும் போதாது. ஃபேன் நின்றதா, டேம்பர் மூடியதா, பேனலில் சரியான இடத்தின் பெயர் வந்ததா என நேரில் பார்க்க வேண்டும்.
* சோதனைக்காகத் துண்டித்த இணைப்புகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

காந்தத்தையோ டெஸ்ட் சுவிட்சையோ வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். மின்னணுப் பகுதியும் வயரிங்கும் சரியாக இருப்பதை அது காட்டும். புகை உள்ளே வருகிறதா என்பதை அது சொல்லாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 தரநிலைப்படி, செயல்பாட்டுச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை. சென்சாரின் உணர்திறனை, பொருத்திய ஓராண்டுக்குள்ளும் பிறகு ஒன்றுவிட்ட ஆண்டிலும் பார்க்க வேண்டும். முடிவுகள் சீராக இருந்தால் இந்த இடைவெளியை 5 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். தூசி அதிகமுள்ள இடத்தில் சுத்தம் செய்வதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். இந்தியாவின் தேசிய கட்டட விதிகள் 2016-ம், புகையை உணர்ந்ததும் ஏசி காற்று இயந்திரம் தானாக நிற்கும் ஏற்பாட்டைக் கேட்கின்றன.

அடிக்கடி பொய் அலாரம் அடித்தால்?

"சும்மா சும்மா அடிக்குது, கழட்டி விட்டுடலாம்" என்பதுதான் ஆபத்தின் ஆரம்பம். பெரும்பாலும் காரணம் எளிது. ஏசி ஃபில்டர் மாற்றாமல் தூசி சேர்ந்திருக்கும், பக்கத்தில் இன்டீரியர் வேலை நடந்திருக்கும், அல்லது ஈரப்பதம் அதிகமான இடத்தில் பொருத்தியிருப்பார்கள். சுத்தம் செய்வதும் இடத்தை மாற்றுவதும்தான் தீர்வு. இணைப்பைத் துண்டிப்பது தீர்வு அல்ல.

இது மட்டும் இருந்தால் போதுமா?

இல்லை. ஏசி நின்றிருக்கும் இரவில் டக்டில் காற்று ஓடாது. அப்போது இந்த டிடெக்டருக்கு எதுவும் தெரியாது. ஏசி ஓடும்போதும், பல அறைகளின் காற்று கலப்பதால் புகை நீர்த்துவிடும். அதனால் சீலிங் டிடெக்டருக்கு இது மாற்று கிடையாது. புகை பரவாமல் தடுப்பதே இதன் வேலை.

ஊழியர்கள் என்ன செய்யலாம்?

அடுத்த ஃபயர் டிரில் நடக்கும்போது உங்கள் ஃபெசிலிட்டி டீமிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "டக்ட் டிடெக்டர் கடைசியா எப்போ புகை விட்டு டெஸ்ட் பண்ணீங்க? அப்போ ஏசி நின்னுச்சா?"

முதல் கேள்விக்கான பதில் பதிவேட்டில் இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, யாராவது ஒருவர் ஏசி அறைக்குப் போய் அந்த ஃபேன் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும்.