இரண்டு வலைக்கும் ஒரே நாற்பது ரூபாய்

மீன்வலை ஆர்டருக்கு விலை போடும்போது நூல் விலை பைசா சுத்தமாக வந்துவிடும். கரண்ட், தேய்மானம், ஃபிட்டர் சம்பளம், அறுந்த கண்ணியைச் சரிசெய்யும் பெண்களின் கூலி ஆகியவற்றில்தான் கை தடுமாறும். இவை எல்லாவற்றையும் மேற்செலவு என்று ஒரே மூட்டையாகக் கட்டி, மெஷின் ஓடிய மணிநேரத்தால் வகுத்துவிடுவார்கள். ஒரே ரக வலை ஓடும்வரை அதில் பிழையில்லை.

சுசீந்திரத்தில் ஒரு வலைக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மாத மேற்செலவு 12 லட்சம் ரூபாய். மெஷின் ஓடியது 4,000 மணிநேரம், ஆக மணிக்கு 300 ரூபாய். சாதா வலை 3,200 மணிநேரத்தில் 24,000 கிலோ, ஸ்பெஷல் வலை 800 மணிநேரத்தில் 6,000 கிலோ. இரண்டின் தலையிலும் கிலோவுக்கு 40 ரூபாய் விழுகிறது.

மெஷின் பக்கத்தில் போய் நின்றால் கதை வேறு. கண்ணி அளவோ நூலின் டெனியரோ மாறினால் ஓட்டத்தை நிறுத்தி, பாபின் மாற்றி, அளவு திருத்தி, கொஞ்சம் ஓட்டி, முடிச்சு நழுவுகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஆர்டர் 50 கிலோவானாலும் 500 கிலோவானாலும் இந்தச் செட்டிங் பாடு ஒன்றுதான். அந்த மாதத்து 60 செட்டிங்கில் 50 ஸ்பெஷலுக்குப் போயிருக்கிறது.

12 லட்சத்தைப் பிரிப்போம். கரண்டும் தேய்மானமும் 6 லட்சம், மெஷின் மணிநேரப்படி. செட்டிங் 3.6 லட்சம், தடவைக்கு 6,000. கண்ணி சீர்செய்தல் 2.4 லட்சம், அதற்கு ஆன 3,000 மணிநேரத்தில் ஸ்பெஷல் எடுத்தது 1,200. இப்படிப் போட்டால் சாதா வலைக்குக் கிலோவுக்கு 28.50 ரூபாய், ஸ்பெஷலுக்கு 86.

இதைத்தான் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் 1980களில் செயல்பாடு சார்ந்த அடக்கவிலைக் கணக்காக முன்வைத்தார்கள். இந்தியாவில் 2014-ஆம் ஆண்டு விதிகள் அடக்கவிலைப் பதிவேடு கேட்பது பட்டியலிட்ட தொழில்களில் 35 கோடி ரூபாய்க்குக் குறையாத விற்றுமுதல் உள்ள கம்பெனிகளிடம். குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே இந்தத் தப்பைச் சுட்டிக்காட்ட வெளியாள் யாரும் வரப்போவதில்லை.

40 ரூபாயை நம்பினால் நடப்பது இதுதான். சாதா வலையில் போட்டிக் கம்பெனி விலையைக் குறைக்க, ஆர்டர் பாதியாகிறது. ஸ்பெஷல் மலிவாகக் கிடைப்பதால் அது கூடுகிறது. அதுவே லாபம் என்று முதலாளி இன்னும் நாலு ரகம் சேர்க்கிறார். ஸ்பெஷலைக் கூட்டாமலேயே பார்த்தாலும், ஓட்டம் 2,400 மணிநேரமாகிறது. தேய்மானமும் சம்பளமும் அப்படியே நிற்பதால் மேற்செலவு 10.8 லட்சத்துக்குத்தான் இறங்கும். விகிதம் மணிக்கு 450 ஆகிவிட்டது! மிஞ்சிய சாதா ஆர்டரும் இப்போது நஷ்டமாகத் தெரியும்.

புதுக் கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. 60 தடவை செட்டிங் செய்த அதே ஆட்களால் 80 தடவை செய்ய முடியுமென்றால் உண்மையான விகிதம் தடவைக்கு 4,500தான். 90,000 ரூபாய் சும்மா இருந்த நேரத்தின் செலவு. அதை வலையின் தலையில் ஏற்றக்கூடாது. 86 ரூபாயைப் பார்த்து ஸ்பெஷலை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து: ஃபிட்டர் சம்பளமும் தேய்மானமும் மறுமாதமும் வரும். அதற்கு முன் செட்டிங்குக்குத் தனிக் கட்டணம் கேட்டுப் பார்க்கலாம், ஒரே கண்ணி அளவுள்ள ஆர்டர்களைச் சேர்த்து ஓட்டலாம்.