வாருக்கும் தோலுக்கும் நடுவே

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில், ஒரு குதிரை 100 மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் அதை நிறுத்திச் சோதிப்பார்கள். இதயத் துடிப்பு, ஈறின் நிறம், குடலின் இரைச்சல், நடையில் நொண்டல் என்று பார்த்துக்கொண்டே வருபவரின் கை, முன்னங்கால் முழங்கைக்குப் பின்னாலும் போகும். சேணத்தை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் வயிற்றுவார் படிகிற இடம் அது. கை பட்டதும் குதிரை தோலைச் சிலிர்த்து விலகினால் மருத்துவர் குனிந்து பார்ப்பார்.

வார் உரசி வரும் புண்ணை ரத்தம் கசியும் வரை யாரும் புண்ணாக மதிப்பதில்லை. அதற்கு வெகு முன்பே அது தொடங்கிவிடுகிறது. முழங்கைக்குப் பின்னால் தோல் மெல்லியது, தொளதொளப்பானது. கால் ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் போகும்போதும் மடிந்து விரியும். வார் மேல்தோலைப் பிடித்து நிறுத்த, கால் அடித்தோலை இழுக்கிறது. இந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். முதலில் முடி கலைந்து உதிரும், பிறகு அந்த இடம் சூடாகி லேசாக வீங்கும். தோல் வழன்று போவது கடைசிக் கட்டம்தான்.

இதில் வியர்வைக்குப் பெரிய பங்கு உண்டு. குதிரையின் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்பைப் போல வேலை செய்து, வியர்வையை அடர்ந்த முடி முழுக்கப் பரப்பி, ஆவியாகி உடம்பு குளிர உதவுவது அதுதான். வார் உரசும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதற்கும் அதுவே காரணம். ஆனால் ஈரத்தில் ஊறிய தோல் மிருதுவாகிவிடும், உராய்வும் கூடும். குதிரை வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். அதைத் துடைக்காமல் விட்டால், மறுநாள் வாரின் உட்புறம் உப்பும் அழுக்கும் முடியுமாகக் காய்ந்து மொரமொரவென்று இருக்கும். மெரினா போன்ற கடற்கரைச் சவாரி என்றால் மணலும் சேர்ந்துகொள்ளும்.

வாரின் அழுத்தம் நெஞ்செலும்பின் மீதுதான் அதிகம் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. பிரிட்டனில் வாருக்கு அடியில் அழுத்தமானிப் பாய்களை வைத்து அளந்து பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, உச்ச அழுத்தம் முழங்கைக்குப் பின்னால் விழுகிறது. வாரின் வடிவத்தை மாற்றியபோது அழுத்தம் குறைந்தது. அதோடு குதிரைகள் முன்னங்காலை இன்னும் நீட்டி வைத்தன. அப்படியானால், புண்ணே இல்லாத குதிரைகூட இத்தனை நாள் அடியைக் குறுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது போலும்.

வாரை இறுக்கியதால்தான் புண் வந்தது என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. தொளதொளவென்று கட்டிய வார் முன்னும் பின்னும் நகர்ந்து இன்னும் மோசமாகத் தேய்க்கும். சில குதிரைகள் வார் கட்டும்போது உடம்பை விறைத்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே மூச்சில் இறுக்காமல், ஓட்டை ஓட்டையாக ஏற்றி, நாலடி நடத்திவிட்டு மறுபடி பார்ப்பதே வழக்கம். பிறகு முன்னங்கால் ஒவ்வொன்றையும் முழங்காலுக்குக் கீழே பிடித்து மெதுவாக முன்னால் நீட்ட வேண்டும். வாருக்கடியில் சிக்கிய தோல் மடிப்பு அப்போது நேராகிவிடும். ஒரு நிமிட வேலைகூட இல்லை. ஆனாலும் பலர் செய்வதில்லை.

நீண்ட ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் குதிரைக்கு ஆபத்து அதிகம். அதன் தோல் வாருக்குப் பழக்கம் விட்டிருக்கும், வயிறும் பெருத்திருக்கும். குதிரைப்படை வைத்திருந்த ராணுவங்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் ஃபிரெடெரிக் ஸ்மித், 1891-லேயே சேணங்களையும் அவற்றால் வரும் புண்களையும் பற்றித் தனிக் கையேடு எழுதினார்.

வாருக்கு மாட்டும் ஆட்டுத்தோல் உறை உராய்வைக் குறைக்கும், அதையும் துவைத்தால். ஒரே வாரைப் பல குதிரைகளுக்குக் கட்டினால் படர்தாமரையும் கூடவே பரவும்.

புண் வந்துவிட்டால் களிம்பைத் தேடுவதற்கு முன் வாரைக் கழற்ற வேண்டும். பாதி ஆறிய புண்ணின் மேல் மறுபடி சேணம் ஏற்றினால் எந்த மருந்தும் பலிக்காது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துக் காற்றாட விடலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை திறந்த புண்ணில் வேண்டாம். புதிதாக வளரும் செல்களையும் அவை கொன்றுவிடும். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரை மிக எளிதில் இலக்காகும் என்பதால், தடுப்பூசி எப்போது போட்டது என்று உடனே பார்த்துவிட வேண்டும். சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

காயம் ஆழமாக இருந்தால் முடிக்கு நிறம் தரும் செல்கள் அழிந்து, அங்கே வெள்ளை முடி முளைக்கும். குதிரை வாங்கப் போகிற அனுபவசாலிகள் அந்தத் திட்டைத் தேடிப் பார்ப்பார்கள்.

தோல் முழுதாக மூடும் வரை குதிரையைச் சேணமில்லாமல் கையில் பிடித்து நடத்தலாம். திரும்பச் சேணம் கட்டும் முதல் சில நாள் சவாரி சுருக்கமாக இருக்க வேண்டும். வாரைக் கழற்றியதும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தால், மறுநாள் சேணம் ஆணியிலேயே தொங்கட்டும்.