ஒரே பை... எந்த உலைக்கு?

உலர்குப்பை எல்லாம் ஒரே பையில். வீட்டுக்கு வசதிதான். அந்தப் பை கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தாண்டிப் போகுமா?

வடசென்னை வீடுகளில் பழைய பேப்பர் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. ராயபுரமோ எர்ணாவூரோ, பேப்பர் பரணில் ஏறும். மாதக் கடைசியில் காயலான் கடைத் தராசில் இறங்கும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டைப்பெட்டி, காலி பாட்டில், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரம் என எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வாசலுக்கே வந்து வாங்கிப்போக ஆளும் உண்டு. விலை போகாததுதான் தொட்டிக்கு வருகிறது: சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், பார்சல் சாப்பாடு வந்த கவர், தெர்மகோல்.

‘உலர்குப்பைக்கு ஒரே பை’ என்ற யோசனையை எடைபோட இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். காய்ந்ததை எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள், மற்றதை மையத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். 2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை நான்காக்கியிருக்கின்றன: ஈரம், உலர், நாப்கின் - டயபர், பல்பு - பேட்டரி - மருந்து. மூன்றானாலும் நான்கானாலும் உலர்குப்பைக்கு ஒரே தொட்டிதான்.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் புழங்கும் குடியிருப்பில் ஆறு தொட்டி வைக்கச் சொல்வது நடக்கிற காரியமா என்று இந்த முறையை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், பை வீட்டை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது?

பிலடெல்பியா சொல்லும் கதை

அமெரிக்காவில் இந்த முறை 1990-களில் கலிபோர்னியாவிலிருந்து பரவியது. லாரி நடை மிச்சம், கூலி மிச்சம். மக்களும் முன்னைவிட அதிகமாகவே போட்டார்கள். பைக்குள் நடந்தது வேறு. உடைந்த கண்ணாடி பேப்பரில் குத்திக்கொண்டது. எண்ணெய் வழிந்த டப்பா அட்டையை நாசமாக்கியது. தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய கால்வாசி எதற்கும் உதவாது என்று மறுசுழற்சித் தொழிலில் இருப்பவர்களே சொல்லும் நிலை வந்தது. அந்தக் கலவையைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018 தொடக்கத்தில் 24 வகைக் கழிவுகளுக்குத் தடை போட்டது. அனுமதித்த சரக்கிலும் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்புக் காட்டியது.

வாங்க ஆள் இல்லாமல் போனதும் பிலடெல்பியா நகரம் என்ன செய்தது தெரியுமா? மறுசுழற்சிக்குப் போகிறது என்று நம்பி மக்கள் போட்டதில் ஏறக்குறைய பாதியை எரி உலைக்கு அனுப்பியது. உலை இருந்த ஊர் செஸ்டர். ஆற்றங்கரை, தொழிற்சாலைகள், பெரும்பாலும் கறுப்பின ஏழைக் குடும்பங்கள். எண்ணூர் விரைவு சாலையில் ஒருமுறை போய்வந்தவர்களுக்குச் செஸ்டரை விளக்க வேண்டியதில்லை.

உலைக்குத் தீனி

கொடுங்கையூர் குப்பைமேட்டில் சுமார் 252 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை குவிந்து கிடந்தது. அதைத் தோண்டிச் சலித்தெடுக்கும் பயோமைனிங் பணிக்கு ஒதுக்கிய தொகை சுமார் 640 கோடி ரூபாய். சலிக்கும்போது மண் தனியாக, கல் தனியாக வருகிறது. மிஞ்சும் பிளாஸ்டிக்கும் கந்தலும் எரிபொருளாக சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. பல பத்தாண்டுகள் பிரிக்காமல் கொட்டியதற்கு நாம் கட்டும் தண்டம் இது.

அந்த நிலத்திலேயே நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்கும் திட்டமும் இருக்கிறது. அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையின் ஒரு நாள் குப்பை 5,000 டன்னுக்கு மேல். நம் ஊர்க் குப்பையில் பாதியாவது ஈரக்குப்பை: சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு. அது எரியாது. 1987-ல் தில்லி திமார்பூரில் கட்டிய எரி உலை சோதனை ஓட்டத்தில் 21 நாள்தான் தாக்குப்பிடித்தது. போட்ட குப்பையில் எரிவதற்கான சத்தே இல்லை. ஆக, எரிய வேண்டுமென்றால் உலர்குப்பை வேண்டும். 2,100 டன் உலர்குப்பை என்பது ஏறக்குறைய இந்த நகரத்தின் மொத்த உலர்குப்பை!

வீட்டு அடுப்பைப் போல வேண்டும்போது பற்றவைத்து வேண்டாதபோது அணைக்கக்கூடியதல்ல இந்த உலை. கட்டிவிட்டால் நாள்தோறும் தீனி போட்டாக வேண்டும். நன்றாக எரிவதோ பேப்பரும் அட்டையும் பிளாஸ்டிக்கும். காயலான் கடைக்காரர் தேடுவதும் அவற்றைத்தான்.

மறுசுழற்சிக்கு உதவாததை மட்டுமே, அதிலும் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாததையே எரிக்க அனுப்பலாம் என்பது 2016 விதிகள் சொன்ன வழி. ஆனால் ஒரே பையில் குழம்பில் ஊறிய அட்டை, மையத்துக்கு வந்து சேரும்போதே உதவாததாகிவிடுகிறது. விதியும் மீறப்படவில்லை, அட்டையும் மிஞ்சவில்லை. என்னை உறுத்துவது இந்த ஓட்டைதான்.

நவீன வடிகட்டிகள் இருக்கின்றன, புகை கட்டுக்குள் இருக்கும் என்பது ஆலையை ஆதரிப்போரின் பதில். வடசென்னை இதுபோன்ற வாக்குறுதிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் பாழாயின. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்து மக்கள் அமோனியா நெடியில் வீட்டை விட்டு ஓடினார்கள். இன்னொரு புகைபோக்கிக்கு இங்கே இடமில்லை.

காசு கொடுத்தால் பிரியும்

பிரிப்பது நம் மக்களுக்கு வராது என்பது பொய். காசிமேட்டில் பழைய வலைகளை எடைபோட்டு வாங்கும் மையம் வந்தது. கடலில் வீசப்பட்டிருக்கக்கூடிய நைலான் கரைக்கு வந்து சேர்ந்தது. நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. யாரும் வகுப்பெடுக்கவில்லை. பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது.

சென்னையிலோ குப்பை ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் டன் கணக்கில் நடந்தன. எவ்வளவு அள்ளினார்கள் என்பதற்குத்தான் பணம். எவ்வளவு பிரித்தார்கள் என்பதற்கு அல்ல. ‘எப்படியும் வண்டியில கலக்கத்தானே போறாங்க, நான் எதுக்குப் பிரிக்கணும்?’ என்ற பேச்சு வீடுகளில் பிறந்தது சும்மா இல்லை. மையத்தில் பிரிக்கப்போகிறவர்களும் மனிதர்கள்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் வேலையைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து 13 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களின் கூலியைத் தீர்மானிக்காமல் யார் கையை நம்பி இந்தப் பையைக் கொடுப்பது?

ஒரே பை வரட்டும், மூன்று நிபந்தனைகளோடு. பிரிக்கும் மையம் வார்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். காயலான் கடைக்காரர்களுக்கும் குப்பை பொறுக்குவோருக்கும் அதில் முதல் உரிமை வேண்டும். எடுத்த பையில் எத்தனை கிலோ விற்றது, எத்தனை கிலோ எரிந்தது என்று ஒவ்வொரு மண்டலமும் மாதாமாதம் பலகையில் எழுதிப்போட வேண்டும். அந்தக் கணக்கு ஓராண்டு ஓடி முடியும்வரை எந்த எரி உலைக்கும் குப்பை தருவதாகக் கையெழுத்துப் போடக் கூடாது.

உலையை முதலில் கட்டிவிட்டுப் பையைப் பிறகு கொடுத்தால் அது மறுசுழற்சித் திட்டம் அல்ல. விறகு சேகரிக்கும் வேலை. அதை வடசென்னைக்காரர்கள் சம்பளம் வாங்காமல் செய்யத் தேவையில்லை.