வழங்கியும் முகவரியும்: உடைமை பற்றிய ஒரு நோக்கு

வழங்கி ஒன்றுக்கு மேலதிக வலையமைப்பு முகவரிகளை அமைத்தல் தொழினுட்பவியலாளருக்குரிய சிறு செய்முறையாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலக்கிய ஆய்வாளருக்கு அதில் யாது அக்கறை என்ற வினா எழுதல் இயல்பே. ஆயின் இன்று ஆய்விதழ்களும் சுவடிப் படிமங்களும் பழைய பத்திரிகைகளும் பெரும்பாலும் கணினி வழியாகவே வாசகரைச் சென்றடைகின்றன. அவற்றைத் தன்னகத்தே வைத்து, கேட்போருக்கு அனுப்பும் கணினியே வழங்கி எனப்படுவது. மானிப்பாயில் அமெரிக்க மிசனாரும் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரும் அச்சியந்திரம் நிறுவிய 19ஆம் நூற்றாண்டில், அச்சகம் யார் கையில் உள்ளது என்பது கருத்துலகின் தலையாய வினாக்களுள் ஒன்றாயிருந்தது. வழங்கியின் முகவரி யாருடையது என்பது அவ்வினாவின் இன்றைய வடிவம் எனலாம்.

முகவரி கணினியின் இயல்பு என்பது பரவலான எண்ணம். அது பொருந்தாது. கணினி வலையமைப்புடன் இணையும் இடைமுகத்துக்கே முகவரி வழங்கப்படுகின்றது. அதாவது, முகவரி பொருளொன்றின் பண்பன்று. பொருள்களுக்கிடையிலான உறவின் பெயர். எனவேதான் ஒரே இடைமுகம் 192.0.2.10 என்ற முகவரியோடு 192.0.2.11 என்பதையும் தாங்கமுடிகின்றது. (இவ்விரண்டும் விளக்கங்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை.)

மேலதிக முகவரியின் தேவை பலவகைப்பட்டது. முன்னர் ஒரு வழங்கியிற் பல இணையத்தளங்களை வைப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டியிருந்தது. வாசகர் நாடும் தளத்தின் பெயரையும் கோரிக்கையோடு அனுப்பும் முறை 1990களின் பிற்பகுதியில் நிலைபெற்றபின் அத்தேவை பெரிதும் குறைந்தது. எனினும், மின்னஞ்சற் சேவையைத் தனித்து வைத்தற்கும், பழுதுற்ற வழங்கியின் முகவரியை மற்றொன்று ஏற்றுக்கொள்ளுதற்கும், ஓய்வுபெறும் பழைய வழங்கியை நாடி வருவோரைப் புதியது வரவேற்றற்கும் அது இன்றும் வேண்டப்படுகின்றது.

செய்முறை எளிது. முதலில் வலையமைப்பு நிருவாகியிடமிருந்து முகவரியைப் பெறல் வேண்டும். வெறுமையாகத் தோன்றும் எண்ணைத் தாமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஒரே முகவரியை இரு கணினிகள் கொள்ளுமாயின் இரண்டின் தொடர்பும் குழம்பும். பின்னர், அம்முகவரியை அதன் துணைவலை அளவுடன் இடைமுகத்திற் சேர்த்தல் வேண்டும். இரு முகவரிகளும் ஒரே துணைவலையைச் சார்ந்தனவாயின் வெளியுலகுக்கான நுழைவாயில் முன்னையதே. மற்றொன்றைக் குறித்தல் வழிமயக்கத்தை உண்டாக்கலாம். கட்டளை மூலம் மட்டும் சேர்த்த முகவரி கணினி மீள இயங்கும்போது மறைந்துவிடும். ஆதலின் அமைப்புக் கோப்பிலும் அதனை எழுதுதல் அவசியம். பெயர்ப்பதிவையும் பாதுகாப்பு விதிகளையும் அதற்கேற்பத் திருத்தல் வேண்டும். வேறுவகையாகப் பணிக்காதவிடத்து, வழங்கி தானாகத் தொடங்கும் தொடர்புகள் பெரும்பாலும் முதன்மை முகவரியிலிருந்தே புறப்படும் என்பதும் கவனத்திற்குரியது.

இவ்வளவு எளிய காரியம் நடைமுறையில் ஏன் அரிதாகின்றது? விடை வரலாற்றில் உள்ளது. இன்றும் பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பு முகவரி 32 இருமவெண்களாலானது. மொத்தம் 4,294,967,296 முகவரிகளே உண்டு. இணையத்தின் தொடக்க காலத்தில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் போன்ற சில நிறுவனங்கள் தலைக்கு 16,777,216 முகவரிகளைப் பெற்றன. முந்தியோருக்கே முதலுரிமை என்பது நடுநிலையான விதிபோலத் தோன்றும். ஆயின் முந்துவதற்கான வாய்ப்பு யாவர்க்கும் ஒரேமாதிரி அமைந்ததில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் மின்சாரமும் தொலைபேசியும் இழந்து மண்ணெண்ணெய் விளக்கிற் படித்தனர். உலக முகவரிகள் பங்கிடப்பட்ட ஆண்டுகளுள் அவையும் அடங்கும். 2011 பெப்ரவரி 3ஆந் திகதி உலகப் பொதுக் களஞ்சியம் தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் ஆசிய பசிபிக் பிராந்தியத்திற் புதிய உறுப்பினர் ஒருவர் 1,024 முகவரிகளுக்கு மேற் பெறமுடியாதாயிற்று. 2019இல் அவ்வெல்லை 512 ஆகச் சுருங்கியது.

பற்றாக்குறை சந்தையைப் பிறப்பித்தது. 2011இல் நோர்ட்டெல் நிறுவனத்தின் 666,624 முகவரிகளை மைக்ரோசொவ்ற் 75 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2024 பெப்ரவரி முதல் அமேசன் தனது வழங்கிச் சேவையிற் பொது முகவரி ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு அரைச் சதம் அறவிடுகின்றது. முகவரி வெறும் எண். அதனை உழைத்து ஆக்கியவர் எவருமிலர். ஆயினும் அது விலை பெறுகின்றது. மூலதனத்தின் மூன்றாந் தொகுதியில் மார்க்ஸ் ஆராயும் நிலவாடகை இவ்விடத்து நினைவுக்கு வரும். மண்ணையும் எண்ணையும் இயந்திரப்பாங்காகச் சமப்படுத்துவது எமது நோக்கமன்று. வரம்புக்குட்பட்ட ஒன்றன்மீதான தனியுரிமையே வருவாயாகின்றது என்ற அளவில் ஒப்புமை பொருந்தும்.

இதன் விளைவு பண்பாட்டுத் தளத்திலும் புலப்படுகின்றது. பொது முகவரி கிட்டாதோர் பலர் ஒரே முகவரியின் பின்னே ஒண்டியிருக்கின்றனர். அவர்கள் வெளியுலகை அழைக்கலாம். வெளியுலகு அவர்களை நேரே அழைத்தல் கடினம். வாசகராயிருத்தல் எளிது; பிறர் தயவின்றிப் பதிப்பாளராதல் அரிது. கைத்தொலைபேசி பரவியதைக் கொண்டு அறிவு சனநாயகமயமாகிவிட்டதெனக் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

1995இல் வரையறுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு 128 இருமவெண்களையுடையது. ஓர் இடைமுகம் பல முகவரிகளைக் கொள்வது அங்கு இயல்பான நிலை. பழையதும் புதியதும் நேரடியாகப் பேசமாட்டா. ஆகவே மாறுகாலத்தில் வழங்கி இரண்டையும் தாங்கல் வேண்டும். திருநெல்வேலியில் அமைந்த எமது பல்கலைக்கழகம் உட்பட, தமிழ் ஆவணங்களைப் பேணும் நிறுவனங்கள் தம் வழங்கிகளுக்குச் சேர்க்கவேண்டிய மேலதிக முகவரிகளுள் இதுவே முதன்மையானது. தொழினுட்பம் தன்னளவில் உடைமை உறவுகளை மாற்றிவிடாது. ஆயினும், பற்றாக்குறை இயற்கை நியதியன்று, மனிதர் வகுத்த அளவே என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது. அந்தத் தெளிவிலிருந்தே எமது கோரிக்கைகள் தொடங்குதல் வேண்டும்.