குருதியின் வகையறியும் அச்சு

பொருந்தாத குருதியை ஏற்றுதல் நோயாளியின் உயிருக்கே ஆபத்தாக முடியும். குருதியில் வகைகள் உண்டென்பதை 1901இல் வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் எடுத்துக்காட்டினார். அதே வியன்னாவின் பல்கலைக்கழகத்தில், பிரான்ஸ் டிக்கேர்ட் என்ற இரசாயன அறிஞரின் குழுவினர் அவ்வகைகளைப் பிரித்தறியும் பிளாஸ்டிக் அச்சினை ஆக்கி 2006இல் அறிவித்தனர்.

இறுகாத பிளாஸ்டிக் படலத்தின்மீது செங்குழியங்களை அழுத்துவர். இறுகியபின் அவற்றைக் கழுவி அகற்றுவர். எஞ்சுவன நுண்ணிய குழிகள். படலத்தைத் தாங்குவது இடையறாது அதிரும் குவாட்ஸ் பளிங்கு. குழிகளிற் செங்குழியங்கள் வந்தமர்ந்தால் பாரம் ஏறி அதிர்வு வீதம் குறையும். அக்குறைவே விடை.

ஏ வகைக் குழியமும் பி வகைக் குழியமும் உருவில் ஒன்றன்றோ, அச்சு எங்ஙனம் வேறுபாடறியும் என நம் மாணவர் வினவக்கூடும். நல்ல வினாவே! குழியத்தின் மேற்பரப்பிலுள்ள வெல்லச் சங்கிலியின் நுனியில், ஒரேயொரு வெல்லத்திலேதான் வேறுபாடு. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் இறுகும்போதே அதற்கிசைய ஒழுங்குபட்டுவிடுகின்றன. உருவத்தோடு இரசாயன இயல்பும் குழியிற் பதிகின்றது.

மருத்துவமனைகள் இன்றும் பிறபொருளெதிரிகளைக் கொண்டே குருதி வகையைச் சோதிக்கின்றன. அவற்றைக் குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும்; பிளாஸ்டிக்குக்கு அத்தொல்லை இல்லை. ஆயினும் குருதியிலுள்ள புரதங்கள் கண்டவிடமெல்லாம் ஒட்டி அளவீட்டைக் குழப்பக்கூடும். ஆதலின், ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு இவ்வச்சு வந்துசேர இன்னும் தூரமுண்டு என்றே நாம் கருதுகிறோம்.