கையால் ஒரு கல்வி – 6: சாவிக்கொத்து நோய்

பள்ளிக்கூடத்துக்கு லேசர் கட்டர் வந்த புதிதில் பிள்ளைகளின் புத்தகப் பையிலெல்லாம் சாவிக்கொத்து தொங்கும். பெயரை டைப் செய்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு, அக்ரிலிக் தகட்டை வைத்துப் பட்டனைத் தட்டினால் போதும். சில நிமிடங்களில் கடைச்சரக்கு மாதிரி பளபளவென்று வந்துவிடும். பெற்றோர் பூரித்துப் போவார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் அவர் பெயரிலேயே ஒன்றை நீட்டினால் அவருக்கும் சந்தோஷம்.

இதற்கு ‘சாவிக்கொத்து நோய்’ என்று பெயர் வைத்தவர் பாவ்லோ பிளிக்ஸ்டீன். பிரேசில்காரர், ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது 2008-ல் பள்ளிகளுக்கான ஃபேப் லேப் (லேசர் கட்டர், 3டி பிரின்டர் மாதிரி இயந்திரங்கள் வைத்த பட்டறை) திட்டத்தைத் தொடங்கியவர். 2013-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் சொல்வது இதுதான்: இந்த இயந்திரங்கள் கொஞ்ச உழைப்பிலேயே அழகான பொருளைக் கொடுத்துவிடுகின்றன, வெளியாட்களும் கைதட்டுகிறார்கள், பிறகு பிள்ளை எதற்குக் கஷ்டமான வேலைக்குப் போக வேண்டும்?

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பேன்: பீரியடு. 2016-ல் மத்திய அரசு அறிவித்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 6 முதல் 12-ம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பணம் வந்தது, இயந்திரம் வந்தது; டைம் டேபிள் மட்டும் பழையபடியே. முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற வேலை சாவிக்கொத்துதான்.

மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், கதையே மாறிவிடும். டிங்கர்கேட் என்கிற 3டி வரைகலை மென்பொருளில் பெட்டியின் வெளி அகலம் 40 மி.மீ., மூடியின் உள் அகலமும் 40 மி.மீ. திரையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 3டி பிரின்டரில் எடுத்துப் பார்த்தால் மூடி இறங்க மறுக்கிறது. சுமார் 200 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக் 0.4 மி.மீ. துளை வழியே இழையாக வந்து, அடுக்கடுக்காகப் படிகிறது. படியும்போது பக்கவாட்டில் ஒரு துளி பிதுங்கத்தான் செய்யும். அதனால் வெளிப்புறம் கொஞ்சம் பருத்தும் உட்புறம் கொஞ்சம் சுருங்கியும் போகின்றன.

லேசர் கட்டரில் நடப்பது இதற்கு நேர் எதிர். கதிர் போகும் பாதையில் மயிரிழை அகலத்துக்குப் பொருள் எரிந்து போவதால் பொருத்துகள் லொடலொடக்கும். ரம்பம் தின்கிற அகலத்தை விட்டுக் கோடு போட எந்த ஆசாரிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் வரைந்து பழகிய பிள்ளைக்கு அது புதுச்செய்தி.

விவரமான ஆசிரியர் இந்த இடத்தில் விடையைச் சொல்ல மாட்டார். 0.1, 0.2, 0.3, 0.4 மி.மீ. என்று இடைவெளி விட்ட ஒரு சோதனைத் துண்டை முதலில் அச்சிட வைப்பார். எது இறுக்கம், எது தளர்ச்சி என்று பிள்ளைகள் செருகிப் பார்க்க வேண்டும், வெர்னியரால் அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வில் மார்க்குக்காக மட்டும் பிடிக்கிற அதே வெர்னியர்தான். ஒரு பிரின்டரில் 0.2 சரியாக இருக்கும், பக்கத்து பிரின்டரில் 0.3 தேவைப்படும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தசம எண் இப்போதுதான் கைக்குத் தட்டுப்படுகிறது. மூடி பொருந்த நாலைந்து பீரியடு ஆகலாம், ஆகட்டும். ஆண்டுவிழாக் கண்காட்சியில் அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்பதும் உண்மைதான்.

லேசர் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒரு விஷயம்: கையில் கிடைத்த ரெக்சினையெல்லாம் உள்ளே வைத்துவிடாதீர்கள். அதில் பி.வி.சி. இருந்தால் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

அடுத்த வாரம் புனே பக்கம் பாபல் கிராமத்துக்குப் போவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வெளியே முதன்முதலில் ஃபேப் லேப் வந்த இடங்களில் ஒன்று, 2002-ல். டாக்டர் கல்பாக் 1983-ல் அங்கே தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமத்தில் பட்டறை வேலையும் விவசாயமும் லேசருக்கு வெகு முன்பே பாடமாக இருந்தன.

(தொடரும்)