ஐகிரவுண்டுக்கு முன் 14 மாத்திரை

ஆஸ்பிரின் 150 மில்லிகிராமில் இரண்டு, குளோபிடோக்ரல் 75-இல் நான்கு, அட்டர்வாஸ்டாட்டின் 10-இல் எட்டு. மொத்தம் 14 மாத்திரை. 2023 ஜூன் 27-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

திருநெல்வேலியில் தச்சநல்லூரிலிருந்து ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை அப்படியொன்றும் தூரமில்லை. ஆற்றைத் தாண்டி வண்ணார்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டை போய்விட்டால் வந்துவிடும். நேரம் கரைவது ரோட்டில் அல்ல, வீட்டில். “வாயுவாத்தான் இருக்கும்வே, ஒரு சோடாவக் குடியும்” என்பதில் தொடங்கி, ஓமத்திரவம், ஜெலுசில், கொஞ்சம் படுத்துப் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். ரத்தக் குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே இதயத் தசை மீளமுடியாதபடி சாகத் தொடங்கிவிடுகிறது. பாபநாசத்துக்காரரின் நிலைமை இன்னும் மோசம்: சோடா குடித்த நேரத்தோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பயணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் செய்யக்கூடிய வைத்தியம்தான் இந்த 14.

அதிலும் குளோபிடோக்ரல் ஏன் நான்கு? தினசரி சாப்பிடுபவருக்கு 75 மில்லிகிராமில் ஒன்றுதானே? கோடையில் வறண்டு கிடக்கும் நயினார்குளத்துக்கு வாய்க்காலைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டால், மடை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறப் பல நாள் பிடிக்கும். மடை மட்டம் எட்டாமல் வயலுக்கு ஒரு சொட்டும் பாயாது. முதலில் ஷட்டரை முழுக்கத் தூக்கிக் குளத்தை நிரப்பி, பிறகு வற்றுகிற அளவுக்கு மட்டும் விடலாம். மருத்துவர்கள் ‘லோடிங் டோஸ்’ என்பது இதைத்தான். தினம் ஒன்று என்று தொடங்கினால் குளோபிடோக்ரல் முழு வேலையைக் காட்ட மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஒரே வாயில் 300 மில்லிகிராம் போட்டால் சில மணி நேரம் போதும்.

சில மணி நேரமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். குளோபிடோக்ரல் விழுங்கும்போது மருந்தே அல்ல. கல்லீரல் அதை இரண்டு படியாக மாற்றிய பிறகுதான் மருந்தாகிறது. உள்ளே போனதில் சுமார் 85 சதவீதம் வழியிலேயே வீணாகி, மிச்சம் 15 சதவீதம்தான் வேலைக்கு வருகிறது. அதை மாற்றும் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அதனால்தான் பொட்டலத்தின் தலைவன் ஆஸ்பிரின். மற்றவை அதற்குத் துணை.

மாரடைப்பில் அடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்கள். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்ததும், காயத்தை அடைக்க வந்ததாக நினைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. ஒன்றையொன்று கூப்பிட அவை விடும் வேதிப்பொருள் துராம்பாக்சேன். அதைத் தயாரிக்கும் என்சைமில் ஆஸ்பிரின் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு முடக்கிவிடுகிறது. வேறு செல்லாக இருந்தால் புது என்சைம் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, செய்துகொள்ள வழியில்லை. ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முடியும்வரை அது ஊமைதான். ரத்தத்தில் கொஞ்ச நேரமே தங்கும் ஒரு மருந்து நாள்கணக்கில் பலன் தருவது இப்படித்தான். ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை 1971-இல் விளக்கிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து நல்லதுதான், அதைக் கொடுக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் ஆஸ்பிரின்களில் பல, வயிற்றைப் புண்ணாக்காமல் குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சு பூசியவை. தினசரி சாப்பிடுபவருக்கு அது சரி. மாரடைப்பில் அந்தப் பூச்சு வெறும் தாமதம். ஆகவே மென்று தின்ன வேண்டும். 1999-இல் வெளியான ஒரு சோதனையில், மென்று தின்றவர்களின் துராம்பாக்சேன் பாதியாகக் குறைய 5 நிமிடமும், அப்படியே விழுங்கியவர்களுக்கு 12 நிமிடமும் ஆயின. கசப்புக்கும் புளிப்புக்கும் முகம் சுளித்தாலும் மென்று தின்னச் சொல்ல வேண்டும்.

உயிர் காக்கும் என்பதற்குச் சான்று 1988-இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வு: 17,187 நோயாளிகள், ஐந்து வாரம், ஆஸ்பிரினால் மட்டும் மரணம் 23 சதவீதம் குறைவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிகளை வகைவகையாகப் பிரித்தும் முடிவைக் காட்டும்படி கேட்டபோது, ஆய்வாளர்கள் ராசியையும் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, மற்றப் பத்து ராசிக்கும் பிரமாதம்! கூறுபோட்டுக்கொண்டே போனால் தற்செயலும் உண்மைபோலத் தெரியும் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள். (அவர்கள் பார்த்தது பிறந்த தேதியில் சூரியன் நின்ற ராசி, நம் ஜோசியர்கள் பார்ப்பது சந்திரன் நின்ற ராசி. துலா ராசிக்காரர்கள் தாராளமாக மெல்லலாம்.)

எண்ணிக்கையில் அதிகமான எட்டு அட்டர்வாஸ்டாட்டினுக்கு இவ்வளவு அவசரம் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம். 2018-இல் வெளியான பிரேசில் ஆய்வில், முன்கூட்டியே கொடுத்த அதிக அளவு மொத்தமாகப் பார்க்கையில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஸ்டென்ட் போன்ற சிகிச்சைக்குப் போனவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. கொடுப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் எட்டையும் எண்ணிக்கொண்டு ஆஸ்பிரினைத் தாமதப்படுத்தக் கூடாது.

இந்தப் பொட்டலத்தில் இல்லாத, ஆனால் பல வீட்டு அலமாரியில் இருக்கிற மாத்திரை சார்பிட்ரேட். வயலில் மயங்கி விழுந்தாலும் கல்யாண வீட்டில் வேர்த்துக் கொட்டினாலும் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறார். நாக்கின் அடி மெல்லிய சவ்வு. அங்கிருந்து மருந்து நேரே ரத்தத்தில் கலந்து இரண்டு, மூன்று நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். விழுங்கினால் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி அழிந்துபோகும். இதன் மூத்த உறவு நைட்ரோகிளிசரின், டைனமைட்டில் இருக்கும் அதே சரக்கு. ஆல்ஃபிரட் நோபல் தன் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் தனக்கு அதையே மருந்தாக எழுதிக்கொடுத்ததை விதியின் விளையாட்டு என்று எழுதியிருக்கிறார். அது ரத்தக் குழாயை விரிக்கும் சூட்சுமத்துக்கு 1998-இல் மூவருக்குக் கிடைத்தது நோபல் பரிசே.

குழாய் விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே இறங்கிக் கிடப்பவருக்கும், இதயத்தின் வலது அறை பாதிக்கப்பட்டவருக்கும் அந்த மாத்திரையே ஆளைச் சாய்த்துவிடலாம். முந்தைய நாள் சில்டெனாஃபில் (வயாகரா) போட்டவருக்கும் அதே ஆபத்து. அதனால்தான் 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் முதலில் அழுத்தம் பார்க்கிறார், வீட்டாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி அந்தக் கேள்வியையும் காதோடு கேட்கிறார். 2008 செப்டம்பர் 15-இல் தமிழகத்தில் தொடங்கிய இந்தச் சேவையில் வண்டியில் டாக்டர் வருவதில்லை. உதவியாளரும், ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநரும்தான். சந்தேகம் வந்தால் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவரிடம் போனில் கேட்டுத்தான் மருந்து. அவர்கள் படிப்பில் கடினமான பகுதி எந்த மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே. பக்கவாத அறிகுறி இருப்பவருக்கு ஆஸ்பிரின் கூடாது: மூளையில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. டெங்குக் காய்ச்சலிலும் கூடாது, ரத்த வாந்தி எடுப்பவருக்கும் கூடாது. சர்க்கரை இறங்கி நினைவு தப்பியவர் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அவருக்கு நரம்பு வழியாக குளுக்கோஸ்.

எந்த வழியில் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அட்ரினலின் இன்னொரு சாட்சி. பனையேறும்போது கடந்தைக் குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவருக்குப் பெரியவர் அளவு அரை மில்லி. அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டால் சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொடுகிறது. தோலுக்கு அடியில் போட்டால் 34 நிமிடம். குழந்தைகளிடம் எஸ்டெல் சைமன்ஸ் 1998-இல் அளந்து காட்டிய கணக்கு அது. மருந்து அதேதான், ஊசி நுனி இறங்கிய ஆழம் வேறு.

மாரடைப்புக்குத் திரும்பினால், தமிழ்நாட்டுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸோடும் கோத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வந்தது. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். எல்லாம் பழைய வைத்தியம்தான். அது யாருக்கு, எங்கே, எப்போது கிடைக்கிறது என்பதைத்தான் மாற்றினார்கள்.

அந்த வரிசையில் வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. நெஞ்சை அடைத்து, வேர்த்து, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் சோடாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட்டு, ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஆளை நடக்கவிடாதீர்கள். தினசரி சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு வண்டியில் ஏற்றுங்கள். சுகாதார நிலையத்தில் 14 மாத்திரை கொடுத்திருந்தால், கொடுத்த மணியை எழுதிய சீட்டு நோயாளியோடு போகட்டும். அது இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு இரண்டே வழி: மறுபடியும் முழு அளவைக் கொடுத்து ரத்தக் கசிவுக்கு இடம் தருவது, அல்லது கொடுத்திருப்பார்கள் என்று நம்பி விட்டுவிடுவது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்று முடிவெடுக்கவும் அவர் முதலில் தேடுவது அந்தச் சீட்டையும், வலி தொடங்கிய நேரத்தையும்தான்.